கிணற்று நீர் சோதனை: ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன்பே நடக்கும் தவறுகள்

"குடிக்க உகந்தது" என்று அறிக்கை வந்துவிட்டது, குழாய் மட்டும் நான்கே ஆண்டில் ஓட்டையாகிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். அறிக்கையில் பொய்யில்லை. குடிநீர்ச் சோதனை நம் வயிற்றைப் பார்க்கிறது, இரும்புக் குழாயின் வயிற்றை அது பார்ப்பதில்லை. ஆகவே புட்டியைக் கொடுக்கும்போதே "குழாய் அரிக்கிறது, செங்களி (செந்நிறக் கொழகொழப்புப் படிவு) அடைக்கிறது, காரணம் தெரிய வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். கரைந்த கரியமில வாயு, தண்ணீரில் கரைந்த இரும்பை உண்டு களியை வளர்க்கும் இரும்பு பாக்டீரியா போன்றவை அப்போதுதான் பட்டியலில் ஏறும்.

கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நீட்டி, எண் குறைவாக இருக்கிறது, அருமையான தண்ணீர் என்பவரை நம்பிவிட வேண்டாம். உப்புக் குறைந்து அமிலப் பக்கம் சாய்ந்த மலைத் தண்ணீர்தான் குழாயைத் தின்னும். சமவெளியில் சுண்ணாம்புக் காரை படிந்து குழாய்க்குக் கவசமாகிவிடுவதுண்டு. இங்கே அதற்கு வேண்டிய கால்சியம் தண்ணீரில் இல்லை.

பி.எச். (7-க்குக் கீழே போனால் அமிலம் என்று காட்டும் அளவு) விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். காலையில் கிணற்றடியில் அளந்தபோது 5.8. அதே தண்ணீரைப் பாதி நிரம்பிய புட்டியில் பஸ்ஸில் வைத்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனேன். வளைவுக்கு வளைவு குலுங்கி, கீழே இறங்க இறங்கச் சூடேறி, கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிவிட்டது. மறுநாள் அறிக்கையில் 6.7. இந்தியக் குடிநீர்த் தரம் 6.5 முதல் 8.5 வரை என்பதால் தண்ணீர் தேறிவிட்டது. பி.எச்., வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றையும் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். புட்டியைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, கரைக்குமா என்று காட்டும், 1936இல் லாங்கெலியர் தந்த குறியீட்டைக் கணக்கிடச் சொன்னால், கிணற்றின் வெப்பநிலையையும் சேர்த்துக் கொடுங்கள். 25 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் குளிர்ந்த மலைத் தண்ணீர் உள்ளதைவிடச் சாதுவாகத் தெரியும்.

எங்கே பிடிப்பது என்பதிலும் சறுக்குகிறோம். சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரில் இரும்பு இருந்தால், அது மண்ணிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா? ஒரு புட்டியை வைத்து அதைச் சொல்ல முடியாது. கிணற்றில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று என இரண்டு பிடியுங்கள். கிணற்றில் குறைவாகவும் வீட்டில் அதிகமாகவும் இருந்தால் குழாய்தான் கரைகிறது. பாக்டீரியாவுக்கும் இரண்டு மாதிரி நல்லது: இரவெல்லாம் ஓய்ந்திருந்த மோட்டாரைப் போட்டதும் ஒன்று, நெடுநேரம் ஓடிய பிறகு ஒன்று. முதல் மாதிரியில் மட்டும் கிருமி மிகுந்திருந்தால், களி ஊறுவது கிணற்றிலும் குழாயிலும்தான்.

இரும்புக்கான புட்டியில் கூடத்தார் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அது இல்லாவிட்டால் இரும்பு துருவாகிப் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். "என்னவோ ஈரமாக இருக்கிறதே" என்று அதைக் கழுவிவிடும் சுத்தக்காரர்கள் நம் வீடுகளில் உண்டு! பாக்டீரியாவுக்கான கிருமி நீக்கிய புட்டியையும் கழுவக் கூடாது. ஐஸ் வைத்து ஒரு நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். முதல் நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு மாதிரி எடுப்பது வீண்வேலை. மிதப்பவை சாகும், குழாய்ச் சுவரில் ஒட்டிய களி அப்படியே இருக்கும், அறிக்கை மட்டும் சுத்தமாக வரும்.

கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்தையொட்டி ஆரஞ்சு நிறத்தில் படிந்திருப்பதை விரலால் தேயுங்கள். பொடியாக உதிர்ந்தால் துருவாக இருக்கலாம், கொழகொழவென்று வழுக்கினால் பாக்டீரியா மீது சந்தேகம் வர வேண்டும். கிணற்று நீரில் எண்ணெய்போல் மினுங்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் மறுபடி கூடிக்கொள்ளும், இரும்புப் படலம் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து அப்படியே நிற்கும்.

பிளம்பர் வெட்டியெடுத்த பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதும் தவறுதான். என் வீட்டுத் துண்டின் உள்ளே சுண்டைக்காய் அளவில் பழுப்பு முடிச்சுகள் இருந்தன. ஒன்றை ஆணியால் பெயர்த்தேன். அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை, அதன் கீழே குழி. சல்ஃபேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவின் அடையாளங்கள் இவை. தண்ணீர்ப் புட்டியில் இவற்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. அப்படி ஒரு துண்டு கிடைத்தால் ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, தண்ணீர்ப் புட்டிகளோடு கூடத்துக்குக் கொண்டுபோங்கள்.