கண்ணில் மிதக்கும் புள்ளிகளும் என் பயமும்

வெள்ளைச் சுவரைப் பார்த்தால் போதும், நூல் மாதிரி ஒன்று நழுவி ஓடும். உற்றுப் பார்த்தால் விலகிப் போகும். பார்வை போய்விடுமோ என்று மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் புள்ளிகளை எண்ணுவேன். அந்தப் பழக்கம்தான் என்னை அதிகம் வாட்டியது.

கடைசியில் கண் மருத்துவரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரியவைத்து, விழித்திரை முழுவதையும் பார்த்தார். கிழிசல் எதுவும் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் ஜெல் பெரும்பாலும் தண்ணீர்தானாம். வயதாக ஆக அது இளகி, அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் திரண்டுகொள்ளும். அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நான் பார்க்கிறேன் என்றார். அதைக் கேட்டதும் பாதி பயம் இறங்கியது.

மீதிப் பாதிக்கு நாளானது. முதலில் எண்ணுவதை நிறுத்தினேன். மனம் உந்தும்போதெல்லாம் எழுந்து நடந்தேன். கணினித் திரையை இருண்ட பின்னணிக்கு மாற்றினேன், வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி. இரவில் இணையத்தில் தேடுவதை அறவே விட்டேன். அப்புறம் மெல்ல மெல்ல, அதன் நினைவே வராத நாள்களும் வந்தன. புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

திடீரென்று புள்ளிகள் கொட்டினாற்போல் பெருகினாலோ, மின்னல் வெட்டினாற்போல் ஒளி தெரிந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தது போல் இருந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையருகே ஒட்டிவைத்திருக்கிறேன்.