தமிழ் எழுத்துரு ஏறுகிறதா? எஃப்12-ஐ அழுத்திப் பாருங்கள்

தமிழ்த் தளம் கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் அறிமுகப்படுத்தும் கருவி, குரோமிலேயே இருக்கும் டெவ்டூல்ஸ்தான்; பக்கம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று காட்டும் பகுதி அது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், எஃப்12 போதும்.

தலைப்பின் மேல் வலது க்ளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடியில் 'ரெண்டர்டு ஃபான்ட்ஸ்' என்று ஒரு வரி வரும். சிஎஸ்எஸ்-இல் (தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமுறை) நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் சரி, உண்மையில் எந்த எழுத்துரு திரையில் வந்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். அங்கே 'நிர்மலா யுஐ' என்று இருந்தால், நீங்கள் கொடுத்த எழுத்துரு வந்து சேரவில்லை, அல்லது அதில் தமிழே இல்லை. விண்டோஸ் தன்னிடம் இருப்பதைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறது. ஆங்கில எழுத்துருவை ஆசையாகத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்து 'நெட்வொர்க்' பகுதி. 'டிசேபிள் கேஷ்' டிக் செய்து, வேகத்தை 'ஸ்லோ 4ஜி' ஆக்கிப் பக்கத்தை மறுபடி திறங்கள். கேஷை, அதாவது உலாவி முன்பே சேமித்து வைத்த கோப்புகளை, அணைக்காமல் சோதித்தால் பயனில்லை, இரண்டாம் முறை எல்லாமே வேகமாகத்தான் வரும். 'ஃபான்ட்' வடிகட்டியில் கோப்பின் அளவைப் பாருங்கள். அது டிடிஎஃப் என்ற வழக்கமான எழுத்துருக் கோப்பு என்றால், வலைக்கென்றே உள்ள வாஃப்2 வடிவத்துக்கு மாற்றுங்கள்; அது ப்ராட்லி முறையில் சுருக்கப்படுவதால் அளவு நன்றாகக் குறையும்.

எழுத்துரு வரும்வரை குரோம் 3 விநாடி வரை எழுத்தையே காட்டாமல் வைத்திருக்கும். ஊர்ப்பக்கம் சிக்னல் குறைந்த போனில் செய்தி படிக்க வருகிறவருக்கு அது வெற்றுத் திரை. சிஎஸ்எஸ்-இல் எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால், இருக்கும் எழுத்துருவில் உடனே படிக்கத் தொடங்கிவிடுவார்.