கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளம், லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போன்ற, மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் முடிகிற கட்டற்ற மென்பொருள்களை அலுவலகத்திலோ பள்ளியிலோ கொண்டுவர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் காரணம், உரிமக் கட்டணம் கிடையாது என்பதுதான். அது உண்மையும்கூட. ஆனால் ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி என எந்த உரிமத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் பிற்பகுதியில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும்: இம்மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் நேரும் இழப்புக்கு எழுதியவர் பொறுப்பேற்க மாட்டார். விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களின் ஒப்பந்தங்களும் பொறுப்பைக் கழற்றிவிடுவதில் குறைந்தவை அல்ல என்றாலும், அங்கே தொலைபேசியில் அழைக்க ஒரு நிறுவனமாவது இருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் அந்த இடத்தை நாமே நிரப்ப வேண்டும். அரசும் கல்வி நிலையங்களும் இத்தகைய மென்பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, அதைக் கவனித்துக்கொள்ளப் போவது யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யாமல் விடுவதுதான் கீழே வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

முதல் தவறு வரவு செலவுத் திட்டத்திலேயே நடந்துவிடுகிறது. உரிமத்துக்கென ஒதுக்கியிருந்த தொகை முழுவதையும் மிச்சம் என்று கணக்கெழுதிவிட்டு, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒரு ரூபாய்கூட வைக்காமல் மாற்றத்தைத் தொடங்கினால், ஆறு மாதத்துக்குள் ஊழியர்கள் பழைய மென்பொருளின் திருட்டுப் பிரதியை எங்கிருந்தாவது கொண்டுவந்து நிறுவிக்கொள்வார்கள். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் நிலைத்து நின்றதற்குக் காரணம், லினக்ஸ் வட்டுகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியதோடு அது நின்றுவிடாததுதான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள், பாடநூல்களை அந்த மென்பொருள்களைக் கொண்டே எழுதினார்கள், பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் அவற்றிலேயே நடத்தினார்கள். அந்தத் திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவே மாறியது. அதாவது, அந்தப் பணிக்கென்று ஆள்களும் சம்பளமும் நிரந்தரமாக இருந்தன.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியின் கதை வேறு. 2003-இல் லினக்ஸுக்கு மாற அந்நகர மன்றம் முடிவெடுத்தது. 2013-இன் இறுதிக்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. வார்ப்புருக்களையும் படிவங்களையும் கையாள 'வோல்மக்ஸ்' என்ற கருவியை அவர்களே எழுதி, பிறரும் பயன்படுத்த வெளியிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும், 2017-இல் அதே மன்றம் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020-இல் அமைந்த கூட்டணியோ மீண்டும் கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. இதைக் காட்டி லினக்ஸ் தோற்றது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. என் கணிப்பில் அங்கே ஆட்டம் கண்டது அரசியல் ஆதரவுதான். ஒரு தலைமையின் விருப்பத்தை மட்டுமே நம்பி எடுத்த முடிவு, அந்தத் தலைமை மாறும்போது ஆடும். எனவே முடிவை ஒரு தனி அதிகாரியின் ஆர்வமாக விட்டுவிடாமல், எழுத்துவடிவக் கொள்கையாகவும் பதவிகளாகவும் மாற்றிவைப்பது முதல் நாள் வேலை.

தமிழ் ஆவணங்கள் உள்ள அலுவலகங்கள் கூடுதலாக ஒரு படுகுழியைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள் பாமினி, வானவில், டாப், டாம் எனப் பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கிடக்கின்றன. பாமினியில் எழுதிய சொற்களைக் கணினி தமிழாக அறிவதே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த சரமாகவே அவை சேமிக்கப்பட்டுள்ளன, அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் திரையில் தமிழாகத் தெரிகின்றன. புதிய லினக்ஸ் கணினியில் கோப்பைத் திறந்து குப்பையைக் கண்டதும், பழைய எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. எழுத்துத் தெரியும், ஆனால் தேட முடியாது, பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்க முடியாது, பார்வையற்றவர்களுக்கான திரை வாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்காது. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது என்பதால், மாற்றத்தோடு மாற்றமாக ஆவணங்களையும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரே கோப்பில் ஆங்கிலச் சொற்களும் தமிழும் கலந்திருந்தால், முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றியில் கொடுப்பது ஆபத்து. மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயரும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தே மாற்ற வேண்டும், மாற்றியதை ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கவும் வேண்டும்.

ஒருங்குறியில் உள்ள கோப்புகளிலும் சிக்கல் உண்டு. லதா, விஜயா போன்ற எழுத்துருக்கள் விண்டோசுக்கானவை. அவை இல்லாத கணினியில் லோஹித், நோட்டோ போன்ற வேறொரு எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அகலம் வேறு என்பதால் ஒரே பக்கத்தில் அடங்கிய சான்றிதழ் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து, கையொப்பமிடும் இடம் தனித்து நிற்கும். இதைப் பார்க்கும் மேலதிகாரி, லிப்ரே ஆபிஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது என்றே முடிவு கட்டுவார். மாற்றத்துக்கு முன்பே ஒரு கட்டற்ற தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கணினிகளிலும் நிறுவி, அலுவலகப் படிவங்களை அதில் மறுபடி அமைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. அதைவிட முக்கியமானது வரிசை. விண்டோசில் இருந்துகொண்டே முதலில் லிப்ரே ஆபிசைப் பழக்குங்கள், கோப்புகளைத் திறந்தநிலை வடிவத்துக்கு மாற்றுங்கள், கணக்குத் தாள்களில் ஒளிந்திருக்கும் மேக்ரோக்கள் என்ற சிறு நிரல்களைக் கண்டுபிடித்துத் திருத்தி எழுதுங்கள். இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றும் அலுவலகத்தில், எது எதனால் பழுதானது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது.

மூல நிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது, ஆகவே பிழை இருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் பரவலாக இருக்கிறது. பார்க்க முடியும் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. இணையத்தில் செல்லும் தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரல் நூலகத்தில் 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு நுழைந்த 'ஹார்ட்பிளீட்' பிழை, 2014 ஏப்ரல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக வெளிவரவில்லை. வங்கிகளும் பெருநிறுவனங்களும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். 2024-இல் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 'எக்ஸ்இசட்' என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவியை ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் 2021 முதல் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளராகவே ஆகி, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு பின்கதவை, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழியை, புகுத்தினார். இடையில் வேறு பெயர்களில் சிலர், பழைய பராமரிப்பாளர் மெதுவாக வேலை செய்கிறார் என்று குறைகூறி நெருக்கினார்கள். சோர்ந்திருந்த ஒரு மனிதரை அப்படித் தள்ளியதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது.

அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்தார். நிரல் களஞ்சியத்தை மட்டும் வாசித்தவர்களுக்கு அது முழுமையாகப் புலப்பட்டிருக்காது; பின்கதவை இயக்கும் ஒரு பகுதி, வெளியீட்டுக்கான தொகுப்புக் கோப்பில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான பதிப்பைப் பயன்படுத்தியவர்களை அது எட்டவில்லை, சோதனைப் பதிப்புகளில் இருந்தவர்களையே எட்டியது. அலுவலகக் கணினிகளுக்கு ஆக அண்மைப் பதிப்புதான் சிறந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். டெபியன் நிலைப் பதிப்பு, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு போன்றவை பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து தருவதற்காகவே இருக்கின்றன.

அந்தத் திருத்தங்களை நிறுவாமல் விடுவது இதற்கு நேர் எதிரான தவறு. அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்டிரட்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டைக்கு, 2017 மார்ச் 7 அன்றே திருத்தம் வெளியாகிவிட்டது. நிறுவனம் அதை ஒரு சர்வரில் நிறுவத் தவறியது. மே மாதத்தில் உள்ளே நுழைந்தவர்கள் 76 நாள்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்கள் பறிபோயின. மென்பொருளை எழுதிய தன்னார்வலர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டிருந்தார்கள். எந்தக் கணினியில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்ற பட்டியல் அலுவலகத்தில் இல்லாவிட்டால் யாருக்கும் இதே கதிதான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற கட்டற்ற நிரல் நூலகத்தில் இருந்த ஓட்டை வெளியானபோது, அந்த நூலகம் தங்களுடைய எந்தெந்தப் பயன்பாடுகளுக்குள் பொதிந்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது.

காப்புப் பிரதி எடுப்பதைவிட அதிலிருந்து மீட்டுப் பார்ப்பது முக்கியம் என்பதற்கு நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனம் வெளிப்படையாகப் பதிவு செய்த அனுபவம் போதும். 2017 ஜனவரி 31 அன்று, களைத்திருந்த ஒரு பொறியாளர் துணை சர்வரில் நீக்க வேண்டிய தரவை முதன்மை சர்வரில் நீக்கிவிட்டார். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றும் நம்பகமாக வேலை செய்யவில்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் வேறுபட்டதால் பிரதி எடுப்பது தோல்வியடைந்துகொண்டே இருந்தது, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல் அவர்களைக் காப்பாற்றியது. மாதம் ஒருமுறை, ஒரு வெற்றுக் கணினியில், பிரதியிலிருந்து முழுவதையும் மீட்டு, ஒரு பதிவைத் திறந்து சரிபார்க்கும் வேலையை ஒருவருக்கு எழுத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

உரிமம் பற்றிய தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கும் நிரல் எல்லாம் கட்டற்றது ஆகிவிடாது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமக் கோப்பு இல்லாத நிரலின் உரிமை முழுவதும் எழுதியவரிடமே இருக்கிறது. ஜிபிஎல் நிரலை மாற்றித் தம் கருவியில் பொதிந்து விற்பவர்கள், கருவியை வாங்குபவர்களுக்கு அதன் மூல நிரலையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரௌட்டருக்குள் இருந்த லினக்ஸ் நிரல், இந்தக் கடமையை வலியுறுத்திப் பலர் கேட்ட பின்னரே 2003-இல் வெளியிடப்பட்டது. ரௌட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பயனுள்ள கட்டற்ற மென்பொருள் திட்டம் அதிலிருந்தே பிறந்தது.

அரசுக் கொள்கையைப் பொறுத்தவரை, 2015-இல் இந்திய அரசு அறிவித்த கட்டற்ற மென்பொருள் கொள்கை நல்ல தொடக்கம். அரசுத் துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், அதை விலக்குகிறவர்கள் காரணம் கூற வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர்கள் தேவையை விவரிக்காமல் ஒரு நிறுவனப் பொருளின் பெயரையே குறிப்பிட்டுவிட்டால், அந்தக் கொள்கை காகிதத்தில் நின்றுவிடும். 2024-இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் வேறொரு பாதையைக் காட்டுகிறது: வணிக நோக்கமின்றி நிரல் எழுதித் தருகிறவர்மீது சுமை ஏற்றாமல், அதைத் தம் பொருளில் வைத்து விற்கும் நிறுவனமே உள்ளிருக்கும் மென்பொருள்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திராமல், நம் ஊர் நகராட்சியோ கல்லூரியோ அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். தரப்படும் தீர்வில் உள்ள ஒவ்வொரு கட்டற்ற மென்பொருளின் பெயரும் பதிப்பும் உரிமமும் பட்டியலாகத் தரப்பட வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வெளியான இத்தனை நாள்களுக்குள் நிறுவப்பட வேண்டும் என்ற கெடு இருக்க வேண்டும். பராமரிப்புத் தொகையில் ஒரு பங்கு அந்த மென்பொருள்களை எழுதிப் பேணுகிறவர்களுக்குச் சென்று சேர வேண்டும்.