அம்மை போட்டவனை ராத்திரி பஸ்ஸில் ஏற்றாதீர்கள்: கல்லூரி விடுதிகள் செய்யும் தவறுகள்

ஏப்ரல் மாதம். பாளையங்கோட்டை வெயில். செமஸ்டர் தேர்வு அறையில் ஒருவன் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் நீர் கோத்த கொப்புளம்.

"என்னல இது?"

"கொசு கடிச்சது சார்."

வெளியே கூட்டிப்போய்க் கையைச் சுருட்டச் சொன்னதும் அழுதுவிட்டான். மூன்று நாளாக இருக்கிறதாம். அறையில் நாலு பேர்; மற்ற மூவருக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. "சொன்னா ஊருக்கு அனுப்பிருவீங்க, அரியர் விழுந்துரும் சார்."

அந்த விடுதிக்கு அப்போது நான்தான் துணை வார்டன். அவன் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நோயைச் சொன்னால் தேர்வு போகும், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் என்று விதி வைத்தது நாங்கள். மறைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறைத்தான் என்று திட்டுவதில் என்ன இருக்கிறது? தொற்றுநோய் விஷயத்தில் விடுதிகள் செய்யும் முதல் தவறு இதுதான். மற்ற முக்கால்வாசித் தவறுகள் இதிலிருந்து கிளைத்தவை.

அடுத்த தவறு, நோய் தெரிந்த அன்றைக்கே பையனைச் செங்கோட்டை பாசஞ்சரிலோ சங்கரன்கோவில் பஸ்ஸிலோ ஏற்றிவிடுவது. சின்னம்மை காற்றிலேயே பரவும். வழியில் பக்கத்து இருக்கையில் ஒரு கர்ப்பிணி இருக்கலாம்; வீட்டில் அக்காவின் கைக்குழந்தை இருக்கலாம். வீட்டிலிருந்து வண்டி வந்தால் அனுப்பலாம். வராவிட்டால் விடுதியிலேயே ஜன்னல் திறந்த தனி அறை, தனிக் கழிப்பறை, வாசல் வரை சாப்பாடு. ஒருவனுக்கு வந்ததும் விடுதியையே பூட்டி எல்லோரையும் ஊருக்கு அனுப்புவது இதைவிட மோசம். அம்பாசமுத்திரம் தொடங்கி ராதாபுரம் வரை நாமே நோயைப் பங்கு வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது, கணக்குத் தப்புவது. ஒரு வாரம் புதிதாக யாருக்கும் வரவில்லை என்றதும் "முடிஞ்சுது" என்று மூச்சு விடுவோம். சின்னம்மை உடம்புக்குள் போய் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது மற்றவர்களுக்குத் தொற்றவும் செய்யும். கடைசி நோயாளியோடு பழகிய நாளிலிருந்து 21 நாள் எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். இரண்டாவது அலை பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்துத்தான் வரும்.

"அம்மன் இறங்கியிருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்று ஊரிலிருந்து வரும் பெற்றோரிடம் சண்டைக்குப் போவதும் தவறுதான். அந்த வழக்கத்தில் பாதி நல்ல மருத்துவம். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் வர மாட்டார்கள்; நோயாளி படியிறங்க மாட்டான். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். திருத்த வேண்டியது இரண்டு. தலைக்குத் தண்ணீர் விட்ட நாளை வைத்து வகுப்புக்கு அனுப்பாமல், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய பிறகே அனுப்ப வேண்டும். டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கவும் கூடாது. பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலையும் தாக்கலாம். வைரஸ் மருந்து, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்; ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

மெஸ்ஸையும் மறக்காதீர்கள். இடுப்பில் அக்கி எழுதிக்கொண்டு வந்து மாஸ்டர் பரோட்டாவுக்கு மாவு பிசைவார். நாமும் பேசாமல் இருப்போம். அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸ். முன்பு அம்மை வராதவனுக்கு அக்கிக் கொப்புளத்து நீரிலிருந்து சின்னம்மை வரும். காவியில் சிங்கம் வரைந்துகொள்வது அவர் விருப்பம்; காயும்வரை சம்பளத்தோடு லீவு கொடுப்பது நம் வேலை.

இனி தடுப்பூசி. "சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சு" என்ற பேச்சை நம்பாதீர்கள். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. அன்றைக்கு வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகளும் உண்டு. அம்மை வராத, ஊசியும் போடாத பெரிய பிள்ளைகளுக்குச் சின்னம்மை ஊசி இரண்டு தவணை, 4 முதல் 8 வார இடைவெளியில். அறைத்தோழனுக்கு அம்மை வந்துவிட்டதா? மூன்று நாளைக்குள் போட்டால் இன்னும் பலன் உண்டு. கர்ப்பிணிக்கும், நோய் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி கூடாது.

நர்சிங், லேப் டெக்னீசியன் மாணவர்களுக்கு, ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கு ஊசி முக்கியம். முதல் நாள், ஒரு மாதம், ஆறாவது மாதம் என மூன்று தவணை. முகாம் போட்டு, போட்டோ எடுத்து, இரண்டு ஊசியோடு நின்றுவிடுகிறது. ஆறாவது மாதம் வரும்போது பிள்ளைகள் விடுமுறையில் இருப்பார்கள். தவறியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து போட வேண்டாம், மிச்சத்தைப் போட்டால் போதும். அந்த மருந்தைக் கேன்டீன் ஃப்ரீசரில் வைத்த கூத்தையும் பார்த்திருக்கிறேன். உறைந்தால் அது வீண். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

வளாக நாய் கடித்தால் சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. ஒரு ஊசியோடு நிறுத்துகிற பிள்ளைகளைத் தேதி வைத்துத் துரத்த வேண்டும். காமாலை வந்தால் கீழாநெல்லியோடு நிற்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். மெஸ் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் சோதியுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் ரத்த வகை கேட்கிறோம், சாதிச் சான்றிதழ் கேட்கிறோம்; தடுப்பூசி அட்டைக்கு எங்கள் படிவத்தில் அப்போது ஒரு கட்டம் இல்லை. அடுத்த ஆண்டு அந்தக் கட்டத்தைச் சேர்த்தோம். தேர்வுக்குத் தரைத்தளத்தில் வராந்தாவை ஒட்டி ஒரு தனி அறையும் ஒதுக்கினோம். அந்த ஏப்ரலில் மூன்று பேர் தாமாகவே வந்து சொன்னார்கள். அந்த அறைக்கு மேற்பார்வை யார் என்று கேட்டபோது தமிழ்த்துறை அக்கா ஒருவர் மூக்கிலிருந்த அம்மைத் தழும்பைத் தொட்டுக் காட்டி, "எனக்கு ஏழு வயசுலயே வந்துட்டு, நான் போறேன்" என்றார்.