கோப்புகள் நிறைந்த சர்வரைக் குளஸ்டர்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுவது எப்படி?

மதுரையில் இருந்துகொண்டு சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் செய்யும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பல வருட டிசைன்கள் எல்லாம் ஒரே சர்வரில். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட ஆல்பம் வெளியாகும் நேரத்தில் அந்த சர்வர் படுத்துவிட்டால் மொத்த வேலையும் நின்றுவிடும். ஒரே கோப்பை இரண்டு சர்வர்களிலும் உடனுக்குடன் எழுதி வைக்கும் இலவச மென்பொருள்தான் குளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS). காலி டிஸ்கில் அமைப்பது சுலபம். ஏற்கெனவே கோப்புகள் இருக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

சர்வர்களுக்கு வைகை, சுருளி, மஞ்சளாறு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பழைய கோப்புகள் வைகையில் உள்ளன. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்; குளஸ்டர் என்பது gluster.

மூன்றாவது சர்வர் எதற்கு?

இரண்டே சர்வர் இருந்து, நடுவில் நெட்வொர்க் அறுந்தால், இரண்டும் தன்னிடம் இருப்பதே சரி என்று நிற்கும். இதற்கு ஸ்ப்ளிட் பிரெய்ன் என்று பெயர். ஒரே டிசைனில் இரண்டு பதிப்பு இருக்கும். எதை வைப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தடுக்க மஞ்சளாற்றை ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, வையுங்கள். அதில் கோப்பின் பெயரும் விவரமும் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. ஒரு கோப்புக்கு சுமார் 4 கேபி கணக்கு; 10 லட்சம் கோப்புகளுக்கு 4 ஜிபி போதும். ஒரு பழைய பிசியே இதற்குத் தாராளம்.

டிஸ்க்கும் இணைப்பும்

வைகையிலும் சுருளியிலும் புது டிஸ்க் போட்டு எக்ஸ்எஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து, /டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். மஞ்சளாற்றிலும் இதேபோல ஒரு சிறிய பார்ட்டிஷன். மூன்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் மூன்று பெயர்களையும் எழுதுங்கள். ஃபயர்வாலில் 24007 போர்ட்டையும், பிரிக்குகளுக்காக (ஒவ்வொரு சர்வரிலும் குளஸ்டர் தன் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்தான் பிரிக்) 49152 முதல் 60999 வரையும் திறக்க வேண்டும். அப்புறம் மூன்றையும் ஒன்றாக இணைக்க, வைகையில்:

குளஸ்டர் பியர் ப்ரோப் சுருளி
குளஸ்டர் பியர் ப்ரோப் மஞ்சளாறு

வால்யூம் உருவாக்குதல்

மூன்று பிரிக்குகளும் சேர்ந்து ஒரே சேமிப்பிடமாகத் தெரிவதுதான் வால்யூம்.

குளஸ்டர் வால்யூம் கிரியேட் காலண்டர் ரெப்ளிகா 2 ஆர்பிட்டர் 1 வைகை:/டேட்டா/பிரிக் சுருளி:/டேட்டா/பிரிக் மஞ்சளாறு:/டேட்டா/பிரிக்
குளஸ்டர் வால்யூம் ஸ்டார்ட் காலண்டர்

கடைசியில் எழுதும் பிரிக்தான் ஆர்பிட்டர், வரிசையை மாற்றிவிடாதீர்கள். பழைய பதிப்புகளில் இதையே ரெப்ளிகா 3 ஆர்பிட்டர் 1 என்று எழுதுவார்கள்.

பழைய கோப்புகள்

பழைய ஃபோல்டரையே பிரிக்காகக் கொடுத்துவிட்டால் காப்பி செய்யும் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். குளஸ்டர் தன் வழியாக வரும் ஒவ்வொரு கோப்புக்கும் ஜிஎஃப்ஐடி என்ற அடையாள எண் ஒட்டுகிறது. எந்தப் பிரதி பின்தங்கியிருக்கிறது என்றும் குறித்து வைக்கிறது. பழைய கோப்புகளில் இது எதுவும் இல்லை. ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் காலியாகவும் இருந்தால், எது சரியான பிரதி என்று சொல்ல அதனிடம் ஆதாரமே கிடையாது. இதே காரணத்தால், பிரிக் ஃபோல்டருக்குள் நேரடியாக எதையும் எழுதவோ அழிக்கவோ கூடாது. கோப்புகள் போகவர ஒரே வாசல், கீழே செய்யும் மவுண்ட் மட்டும்தான். அதன் வழியாகத்தான் ஆர்சிங்க் கட்டளை பழைய கோப்புகளைக் காப்பி செய்கிறது.

மவுண்ட் -டி குளஸ்டர்எஃப்எஸ் வைகை:/காலண்டர் /பொது
ஆர்சிங்க் -ஏவி --இன்ப்ளேஸ் /பழைய/ /பொது/

ஆர்சிங்க்கின் முதல் சுற்றை எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை பழைய ஷேரை ரீட் ஒன்லி ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், இடையில் மாறியவை மட்டும் வரும். பிறகு செக்சம் (உள்ளடக்கத்தை ஒப்பிடுவது), ட்ரை ரன் (காப்பி செய்யாமல் பட்டியல் மட்டும் காட்டுவது) ஆப்ஷன்களோடு ஒருமுறை. எந்தக் கோப்பையும் காட்டாவிட்டால் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

சோதனை

சுருளியின் பவரை நிறுத்துங்கள். மவுண்ட் சிறிது நேரம் உறைந்து நிற்கும். பிங் டைம்அவுட் 42 நொடி, பயப்பட வேண்டாம். ஒரு கோப்பை எழுதிவிட்டு சுருளியை எழுப்பி, குளஸ்டர் வால்யூம் ஹீல் காலண்டர் இன்ஃபோ என்று பாருங்கள். சுருளிக்குப் போக வேண்டிய கோப்புகள் பட்டியலில் இருக்கும். அது 0 ஆகும்வரை வைகையைத் தொடாதீர்கள்.

சரி என்றால், விண்டோஸ் மெஷின்களுக்கு /பொது ஃபோல்டரை சாம்பா வழியாகப் பகிருங்கள். ஒரு சர்வரை சிவகாசியில் வைக்கலாமா என்றால், இந்த முறையில் வேண்டாம். கோப்பில் எழுதும் ஒவ்வொரு மாற்றமும் எல்லா பிரிக்குகளுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. இன்டர்நெட் தாமதம் முழுதும் டிசைனரின் தலையில் விழும். அதற்கு ஜியோ ரெப்ளிகேஷன் என்ற தனி வசதி இருக்கிறது.

ரெப்ளிகா இருப்பதால் பேக்கப்பை விட்டுவிட முடியாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு பிரதியிலும் அந்த நொடியே போய்விடும். பழைய டிஸ்கை அழிக்காமல் கழற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதம் எந்தக் குறையும் வராவிட்டால், அதையே வாராந்தர பேக்கப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.