காசில் ஆண்டைக் காணோமா? விக்டோரியா ஃப்ளோரினைப் படிக்கும் வழி

பழைய பிரிட்டிஷ் வெள்ளிக்காசு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, முடிசூடிய விக்டோரியா ராணி இருக்கிறார், எழுத்தெல்லாம் கோயில் கல்வெட்டு மாதிரி வளைந்து நெளிந்து கிடக்கிறது, எங்கே திருப்பினாலும் ஆண்டு மட்டும் இல்லை. முதல்முறை பார்த்தபோது நானும் தேய்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆண்டு கண்ணெதிரேதான் இருக்கிறது, எண்ணாக இல்லை, அவ்வளவுதான்.

முதலில் எடை. 11.3 கிராமும் 30 மில்லிமீட்டர் அகலமும் இருந்தால் அது காத்திக் ஃப்ளோரின் என்ற இரண்டு ஷில்லிங் காசாக இருக்க வாய்ப்பு அதிகம் (காத்திக் என்பது அந்த வளைந்த எழுத்துப் பாணியின் பெயர்). 92.5 சதவீதம் வெள்ளி. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் போலி, மேலே படிக்கவே வேண்டாம்.

அடுத்து லென்ஸை எடுத்து, ராணியைச் சுற்றியுள்ள வரியின் கடைசிச் சொல்லுக்குப் போங்கள். எம், டி, சி, சி, சி, எல் (MDCCCL) என்று தொடங்கும் எழுத்துக் கோவைதான் ரோமன் எண்ணில் ஆண்டு. இந்த வகைக் காசில் 1851 முதல் 1887 வரையிலான ஆண்டுகள்தான் வரும், அதனால் முதல் ஆறு எழுத்தும் எப்போதுமே 1850. அதை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினால் போதும். எக்ஸ், ஐ, வி (XIV) என்று மிச்சம் இருந்தால் எக்ஸ் பத்து, ஐ-யும் வி-யும் சேர்ந்து நான்கு, மொத்தம் 14, ஆக 1864. கடைசி எழுத்துகள் தேய்ந்திருந்தால் பிரிட்டனைக் குறிக்கும் 'பிரிட்' (BRIT) என்ற சுருக்கத்தைப் பாருங்கள். ஒரு டி (T) என்றால் பழையது, இரண்டு டி (TT) என்றால் 1868 வாக்கில் தொடங்கிப் பின்னால் வந்தது. லத்தீன் சுருக்கத்தில் எழுத்தை இரட்டித்தால் பன்மை என்று பொருள்.

சில காசுகளில் தலைக்குக் கீழே பொடியாக ஓர் எண் தெரியும். அதை ஆண்டு என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது காசை அடித்த அச்சின் எண்.

இப்போது திருப்புங்கள். சிலுவை வடிவில் நான்கு கேடயங்கள், ஆனால் நாடுகள் மூன்றுதான், அதனால் இங்கிலாந்தின் சிங்கங்கள் இரண்டு முறை வருகின்றன. சுற்றி 'பவுண்டில் பத்தில் ஒன்று' என்று எழுதியிருக்கும். இந்தக் காசு பிறந்ததே அந்த வாசகத்துக்காகத்தான். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்று கணக்குப் போட்டுச் சலித்த காலத்தில், பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்று ஜான் பௌரிங் 1847இல் நாடாளுமன்றத்தில் கேட்டார், அந்த ஏற்பாட்டின் முதல் அடியாக வந்ததுதான் ஃப்ளோரின்.

1849இல் வந்த முதல் ஃப்ளோரினில் ஆண்டு சாதாரண எண்ணில்தான் இருந்தது. ஆனால் 'இறையருளால்' என்ற லத்தீன் சுருக்கம் விடுபட்டுப் போனதால் மக்கள் கொதித்து, 'கடவுள் இல்லாத ஃப்ளோரின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாணயச்சாலைத் தலைவர் ரிச்சர்ட் லாலர் ஷீல் கத்தோலிக்கர், பழியும் அவர் தலையில் விழுந்தது. எனக்கு இதில் வேடிக்கை என்னவென்றால், கிழக்கிந்தியக் கம்பெனியின் 1840ஆம் ஆண்டு ரூபாயிலும் அந்தச் சொல் கிடையாது, 'விக்டோரியா ராணி' என்று மட்டும்தான். உங்களிடம் அந்த ரூபாய் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கழுத்தடியில் டபிள்யூ டபிள்யூ என்ற எழுத்துகள் தெரியலாம். அது வில்லியம் வயன், ஃப்ளோரினில் ராணியின் தலையைச் செதுக்கியவரும் அவரே. சர்ச்சைக்குப் பிறகு வந்த காத்திக் ஃப்ளோரினில் விடுபட்ட சுருக்கம் திரும்பிவிட்டது, காசும் 28இலிருந்து 30 மில்லிமீட்டராக அகன்றது.

ஒரு விஷயம், வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்த்துவிடாதீர்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும், சேகரிப்பவர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைப் பார்த்தால் விலையைக் குறைப்பார்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், பிவிசி உறை வேண்டாம். 1854, 1863 கிடைத்தால் மட்டும் கொஞ்சம் நிதானமாக விற்கப் போங்கள், இரண்டும் அரிது.