முதல் ஈர்ப்பு அலையை வீட்டுக் கணினியில் கண்டெடுக்கும் முறை

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லிவிங்ஸ்டனிலும் ஹான்ஃபோர்டிலும் உள்ள, வெளியின் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பு அலைகளை உணரும் லைகோ (LIGO) கருவிகளில் பதிவான தரவை எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். சூரியனைப் போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்தபோது எழுந்த அலை அதனுள் இருக்கிறது. அதை வெளிக்கொணர எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1. பைத்தான் நிரல்மொழியில், ஈர்ப்பு அலைத் தரவைக் கையாளும் ஜிடபிள்யூபை (GWpy) நிரலகத்தை நிறுவுங்கள். தொடங்குபவர்களுக்கு இதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். தரவைப் பெறுவதற்கு ஒரே வரி போதும்.

படி 2. அலை பதிவான கணமான ஜிபிஎஸ் நேரம் (1980 ஜனவரி 6 முதல் எண்ணப்படும் விநாடிகள்) 1126259462-ஐ நடுவில் வைத்து, இரு கருவிகளிலிருந்தும் 32 விநாடித் தரவை எடுங்கள். உலகப் பொதுநேரத்தை நீங்களே மாற்றிக் கணக்கிட்டால், அப்போதைய 17 லீப் விநாடிகளை (பொதுநேரத்தில் அவ்வப்போது செருகப்பட்டு, ஜிபிஎஸ் நேரத்தில் சேர்க்கப்படாதவை) கூட்ட மறவாதீர்கள்.

படி 3. இரைச்சலைச் சமன்செய்யுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். தரவை அப்படியே வரைந்தால் தாழ்ந்த அதிர்வெண்களின் பெரிய ஏற்ற இறக்கம் மட்டுமே தெரியும். லேசர் ஒளி ஓடும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக் கையில் புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றத்தையே உண்டாக்கிய நம் அலை அதில் புதைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரைச்சல் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவால் தரவை வகுக்க வேண்டும். நான் முதலில் அலை இருக்கும் அரை விநாடியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுப் பிறகு வகுத்தேன். அவ்வளவு குறுகிய துண்டில் 60 ஹெர்ட்ஸ் மின்னிணைப்பு இரைச்சல் போன்ற கூரிய கோடுகளைப் பிரித்தறிய முடியாது; துண்டின் இரு விளிம்புகளிலும் எழும் போலி அலைவுகளும் அலையை விழுங்கிவிடும். முழு 32 விநாடிகளையும் சமன்செய்த பின்னரே வெட்டுங்கள்.

படி 4. 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5. அலை லிவிங்ஸ்டனை அடைந்து 6.9 மில்லிவிநாடி கழித்தே ஹான்ஃபோர்டை அடைந்தது. ஆகவே ஹான்ஃபோர்டு வரைகோட்டை அவ்வளவு முன்னதாக நகர்த்துங்கள். இரு கருவிகளும் வெவ்வேறு திசை நோக்கி அமைந்திருப்பதால் அதைத் தலைகீழாகவும் திருப்புங்கள். மூவாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு கருவிகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதைக் கண்ட இரவில் நான் வெகுநேரம் திரையை விட்டு எழவில்லை. நேர–அதிர்வெண் படத்தையும் வரைந்து பாருங்கள், 0.2 விநாடிக்குள் 35-இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை உயரும் கீச்சொலி வளைவு தெளிவாகத் தெரியும்.

பின்சேர்க்கை: 2015 டிசம்பர் 26 அன்று பதிவான இன்னொரு கருந்துளை இணைவின் தரவில் இதே படிகளைச் செய்தும் எதுவும் தெரியவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். தவறு அவர்களுடையதன்று. அந்தக் கருந்துளைகள் சிறியவை. அவற்றின் அலை ஏறத்தாழ ஒரு விநாடிக்குப் பரந்து கிடப்பதால் எந்தக் கணத்திலும் இரைச்சலை மீறி எழுவதில்லை. அதற்குக் கணித்த அலைவடிவத்தைத் தரவின்மீது நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். எத்தகைய வடிவங்களைத் தேர்ந்து பொருத்துவது என்பதை இந்திய இயற்பியலாளர்கள் சத்தியபிரகாஷும் துரந்தரும் 1991-லேயே ஆராய்ந்து எழுதினார்கள். அந்த வேலைக்கு ஜிடபிள்யூபையை விடப் பைசிபிசி (PyCBC) என்ற பைத்தான் நிரலகமே ஏற்றது.